பிராணிவதைத் தடுப்பு அரச சங்கம்

பிராணிவதைத் தடுப்பு அரச சங்கம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இயங்கிவரும் அறக்கொடை நிறுவனமாகும். ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்ற சுருக்கப்பெயரால் உலகெங்கும் அறியப்படும் இது 1824-இல் லண்டனில் தோன்றியது. சீருடை அணிந்த ஆய்வாளர்களும் அவர்கள் திரட்டும் சான்றுகளின்மேல் நடக்கும் வழக்குகளும் காரணமாக இதை அரசுத்துறை என்றே பலர் எண்ணிவருகின்றனர். ஆயினும் ஒரு வீட்டுக்குள் நுழையவோ, ஒருவரைக் கைதுசெய்யவோ, ஒரு விலங்கைப் பறிமுதல் செய்யவோ சாதாரணக் குடிமகனுக்கு இல்லாத உரிமை எதையும் சட்டம் இதன் ஆய்வாளருக்கு வழங்கவில்லை. குற்றம் இழைத்தவர்மீது எவரும் வழக்குத் தொடுக்கலாம் என்னும் பழைய ஆங்கிலச் சட்ட மரபை விடாது பற்றியதனாலேயே இச்சங்கம் வலிமை பெற்றது.

சங்கத்துக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. அயர்லாந்தின் கால்வே தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் மார்ட்டின் முயன்று நிறைவேற்றிய 1822-ஆம் ஆண்டுச் சட்டம், குதிரை, கழுதை, பசு, ஆடு முதலிய கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 10 ஷில்லிங் முதல் 5 பவுண்டு வரை அபராதம் விதிக்க வழிசெய்தது. காளை இப்பட்டியலுள் அடங்காது என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டதால், நாய்களை ஏவிக் காளையைக் கடிக்கவிடும் கேளிக்கை தடையின்றித் தொடர்ந்தது. சட்டத்தின் குறை இதனோடு முடியவில்லை. அதை நடைமுறைப்படுத்த ஆளே இல்லை. லண்டன் மாநகரக் காவல்துறை 1829-இல்தான் அமைந்தது. குற்றவழக்குகளை நடத்தும் பொறுப்பு அந்நாளில் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரையே சார்ந்திருந்தது. வாய் பேசாத விலங்கின் சார்பில் வழக்குத் தொடுக்க எவரேனும் முன்வந்தாக வேண்டியிருந்ததால், மார்ட்டினே சில குற்றவாளிகளை நீதிபதிமுன் கொண்டு நிறுத்தினார்.

இவ்வெற்றிடத்தை நிரப்பவே ஆர்தர் புரூம் என்னும் கிறித்தவச் சமயகுரு 1824 ஜூன் 16 அன்று செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் தெருவிலிருந்த ஒரு காப்பி விடுதியில் கூட்டம் கூட்டினார். மார்ட்டினும், அடிமை வணிக ஒழிப்புக்குப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸும் அக்கூட்டத்தில் பங்குகொண்டனர். சங்கத்தின் முதல் செயலாளரான புரூம், ஸ்மித்ஃபீல்டு போன்ற கால்நடைச் சந்தைகளைக் கண்காணிக்க ஆள் அமர்த்தினார். சங்கத்தின் கடன்களுக்குத் தாமே பொறுப்பேற்றிருந்தமையால் 1826-இல் கடனாளிகளுக்குரிய சிறைக்குச் சென்றார். பின்னர்ப் பொறுப்பேற்ற லூயிஸ் காம்பெர்ட்ஸ், புலால் உண்ணாதவர்; குதிரை பூட்டிய வண்டியில் ஏறவும் மறுத்தவர்; யூதர். சங்கத்தைத் தளரவிடாமல் காத்த அவர், அது கிறித்தவக் கொள்கைகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது என்ற தீர்மானத்தின் விளைவாக விலக நேர்ந்து, விலங்குகளின் நண்பர் சங்கம் என்ற வேறோர் அமைப்பைத் தொடங்கினார். இரக்கத்தைப் பரப்ப எழுந்த ஓர் இயக்கம் தன்னைக் காத்தவரிடமே இரக்கம் காட்டத் தவறிய இந்நிகழ்ச்சி, அதன் தொடக்க வரலாற்றின் கறையாகும்.

1835-இல் இளவரசி விக்டோரியா புரவலரானார். அவர் அரசியான பின் 1840-இல் 'அரச' என்ற அடைமொழியை வழங்கினார். சேவற்சண்டைக்கும் நாய்ச்சண்டைக்கும் களம் நடத்துவதைத் தடைசெய்த 1835-ஆம் ஆண்டுச் சட்டமும், சிதறிக்கிடந்த விதிகளை ஒருங்கிணைத்த 1911-ஆம் ஆண்டுச் சட்டமும் வழக்குத் தொடுக்கும் பரப்பை விரிவாக்கின. இம்முன்மாதிரி கடல்கடந்தும் சென்றது. 1861-இல் கோல்ஸ்வொர்தி கிராண்ட் கல்கத்தாவில் இத்தகைய சங்கத்தை நிறுவினார். 1866-இல் ஹென்றி பெர்க் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்கச் சங்கமோ, தாய்ச்சங்கத்துக்குக் கிட்டாத சட்ட அமலாக்க உரிமையையும் மாநிலச் சட்டமன்றத்திடமிருந்து பெற்றது.

இன்று சங்கத்தின் பணிக்கு அடிப்படையாக அமைவது 2006-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம். துன்பம் நேர்ந்த பின்னரே தண்டிப்பது என்ற பழைய நிலையை இது மாற்றி, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தகுந்த இருப்பிடம், உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, பிற விலங்குகளோடு சேர்ந்தோ விலகியோ இருக்கும் ஏற்பாடு, நோய் நோவுகளிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை அளித்தாக வேண்டும் என்ற பராமரிப்புக் கடமையை விதித்தது. இச்சட்டத்தில் 'ஆய்வாளர்' எனப்படுபவர் அரசோ உள்ளாட்சி அமைப்போ நியமிக்கும் அலுவலரே. அரச சங்கத்தின் ஆய்வாளர் அதே பெயரைத் தாங்கினாலும் அப்பொருளில் அடங்குவதில்லை. விலங்கு துன்புறுகிறது என்று கால்நடை மருத்துவர் சான்றளித்தாலும் அதைக் கைப்பற்றும் உரிமை காவலருக்கும் அரசு ஆய்வாளருக்குமே உண்டு. குடியிருப்புக்குள் நுழைய அவர்களும் நீதிபதியின் ஆணையைப் பெற வேண்டும். எனவே சங்க ஆய்வாளர் வாயிலில் நின்று உரிமையாளரின் இசைவைக் கேட்கிறார். இசைவு கிட்டாவிடில் காவல்துறையை அழைக்கிறார். காவலர் கைப்பற்றிய விலங்கைப் பராமரிப்புக்கு ஏற்றுக்கொள்கிறார். அவர் தரும் எச்சரிக்கைக் குறிப்பு அறிவுரையேயன்றி, அரசு ஆய்வாளர் பிறப்பிக்கும் திருத்த அறிவிப்பைப் போலச் சட்டப்படியானதன்று. அதேவேளையில் குற்றப் புலனாய்வில் ஈடுபடுவதால், விசாரிக்கும்போது காவலரைப் போலவே முன்னெச்சரிக்கை கூறும் கடமை அவருக்கும் உண்டு. அதிகாரம் இன்றியே காவலரின் கட்டுப்பாட்டை ஏற்கும் நிலை இது.

வழக்குத் தொடுக்கும் உரிமையும் சங்கத்துக்கென்று தனியே அளிக்கப்பட்டதன்று. அரசின் வழக்குத்தொடர் துறையை உருவாக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் வழக்குத் தொடுக்கும் பழைய உரிமையை நீக்காமல் விட்டதுடன், அத்தகைய வழக்கை ஏற்று நடத்தவோ கைவிடவோ தலைமை வழக்குத்தொடர் அதிகாரிக்கு இடமளித்தது. இவ்வுரிமையைத் தொடர்ந்து பயன்படுத்தியே சங்கம் நாட்டின் பெரிய தனியார் வழக்குத்தொடுநர்களுள் ஒன்றாக வளர்ந்தது. குற்றத்தைக் கண்டறிபவரும், வழக்குத் தொடுப்பதை முடிவுசெய்பவரும், அதே பொருள்பற்றிப் பிரசாரம் செய்பவரும் ஒருவராயிருப்பது நடுநிலைக்கு ஒவ்வாது என்ற குறை நெடுநாளாக எழுந்துவந்தது. ஹெய்த்ராப் வேட்டைக் குழுமீது சட்டவிரோத நரிவேட்டைக்காகத் தொடுத்த வழக்கில் 2012-இல் வெற்றி கிட்டியபோதும், சங்கம் செலவிட்ட சுமார் 3,26,000 பவுண்டு நீதிபதியையே திகைக்கச் செய்தது. அறக்கொடைச் சட்டம் நிர்வாகிகளுக்கு விதிக்கும் சிக்கனக் கடமையோடு அச்செலவு பொருந்துமா என்ற விவாதம் நாடெங்கும் எழுந்தது. முதன்மை வழக்குத்தொடுநர் என்ற பொறுப்பிலிருந்து சங்கம் விலக வேண்டும் என 2016-இல் நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரக் குழு பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை.

அக்குறைகூறலில் நியாயம் இருப்பினும், சங்கம் முன்வராதிருந்தால் அவ்வழக்குகளை வேறு யார் நடத்தியிருப்பர் என்ற கேள்வி விடைபெறாமலே நிற்கிறது. உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை இருந்தும், அதைக் கடமையாக்கும் விதி இல்லை. ஸ்காட்லாந்தில் நிலை வேறு. அங்கே 1839-இல் தோன்றிய தனிச் சங்கத்தின் ஆய்வாளர்கள் அரசின் அங்கீகாரத்தால் சட்ட அதிகாரம் பெற்றிருக்கின்றனர்; ஆனால் வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பதை அரசு வழக்குத்தொடுநரே முடிவுசெய்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொடுமைக்குரிய உச்சத் தண்டனை 6 மாதச் சிறையிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்த 2021-ஆம் ஆண்டிலேயே, புலனாய்வைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வழக்கு நடத்தும் பொறுப்பை அரசின் வழக்குத்தொடர் துறையிடம் ஒப்படைக்க விரும்புவதாக அரச சங்கமும் அறிவித்தது.