எந்தக் கடிகாரம்? கணினிகளுக்கிடையிலான நேரமாற்றமும் இலங்கையின் 1996–2006 பதிவுகளும்

கொழும்பில் இயங்கிய ஒரு கணினி, பணப் பரிமாற்றம் ஒன்றை '2006 ஏப்ரல் 15, 00:15' என்று உள்ளூர் நேரத்தில் பதிவு செய்திருப்பதாகக் கொள்வோம். அது எந்தக் கணம் என்பதை அந்தப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல முடியாது. அன்றிரவு மணி 00:30 ஆனதும் இலங்கை தன் கடிகாரங்களை 00:00-க்குத் திருப்பி வைத்தது. பத்தாண்டுகளாக உலகப் பொது நேரமான யூடிசியைவிட ஆறு மணி நேரம் முன்னால் ஓடிய நாடு, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஐந்தரை மணிக்குத் திரும்பிய இரவு அது. ஆகவே அன்று 00:15 இரண்டு முறை வந்தது. முதலாவது யூடிசிப்படி ஏப்ரல் 14, 18:15, இரண்டாவது 18:45. இரண்டுமே சரியான விடைகள். ஒரு கணினியின் தேதியை இன்னொரு கணினியின் தேதியாக மாற்றுவது வெறும் கூட்டல் கழித்தல் வேலை என்றே நிரல் எழுதுவோர் பலர் கருதுகின்றனர். அந்தக் கூட்டல் கழித்தல் பெரும்பாலும் எளிது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் உண்மையில் சேதம் விளைவிக்கும் பிழைகள் கணக்கில் பிறப்பதில்லை. எந்தக் கடிகாரம், யாருடைய ஆணைப்படி, அந்த எண்ணைக் காட்டியது என்ற சான்று எண்ணோடு சேர்ந்து பயணிக்காததால்தான் அவை பிறக்கின்றன. நேரமாற்றத்தை ஆவண ஆய்வாகக் கொண்டு, மூலப் பதிவை அழிக்காமல் காக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கணக்கு எவ்வளவு எளிது என்பதைப் பார்த்துவிடலாம். யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகின்றன. விண்டோஸ் 1601 ஜனவரி 1 முதல், நொடியின் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணுகிறது. கிரிகோரியன் நாட்காட்டியின் நானூறு ஆண்டுச் சுழற்சி ஒன்று தொடங்கும் ஆண்டு என்பதால் 1601 வசதியானது. வலையமைப்பில் கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி 1900-இல் தொடங்குகிறது. விஎம்எஸ் இயங்குதளம் 1858 நவம்பர் 17-இல். இந்தக் கடைசித் தேதி தற்செயலானதல்ல, வானியலாளர் பயன்படுத்தும் திருத்தப்பட்ட ஜூலியன் நாளெண்ணின் சுழியம் அது. யூனிக்ஸுக்கும் விண்டோஸுக்கும் இடையே 11,64,44,73,600 நொடிகள்; யூனிக்ஸுக்கும் என்டிபிக்கும் இடையே 2,20,89,88,800 நொடிகள். இந்த மாறிலிகளை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் போதும். அலகை மாற்றிப் படித்துவிட்டால்கூடப் பெரிய ஆபத்தில்லை. இன்றைய தேதியை நொடியில் எழுதினால் பத்து இலக்கம். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் எழுதுவதுபோல மில்லிநொடியில் எழுதினால் பதின்மூன்று. நொடியை மில்லிநொடி என்று படித்தால் எல்லாமே 1970 ஜனவரியில் நடந்ததாகத் தோன்றும். மறுதலையாகப் படித்தால் ஆண்டு ஐம்பதாயிரத்தைத் தாண்டும். இத்தகைய பிழைகளை முதல் பார்வையிலேயே பிடித்துவிடலாம்.

அச்சத்துக்குரியவை பார்வைக்கு நம்பும்படி இருக்கும் பிழைகள். எக்செல் இதற்கு நல்ல சான்று. 1900-ஐத் தொடக்கமாகக் கொண்ட அதன் தேதிமுறையில் 1900 ஜனவரி 1-க்கு வரிசை எண் 1. எண் 60-க்கு உரிய தேதி 1900 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாள் இருந்ததேயில்லை, ஏனெனில் 1900 லீப் ஆண்டல்ல. லோட்டஸ் 1-2-3 அதை லீப் ஆண்டாகக் கொண்டிருந்தது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் அந்தத் தவற்றைத் தெரிந்தே ஏற்றது. மேக்கின்டாஷ் எக்செல்லோ நீண்ட காலம் 1904 ஜனவரி 1-ஐச் சுழியமாகக் கொண்டு எண்ணியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1,462 நாட்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் 1900 முதல் 1903 வரையிலான உண்மையான நாட்கள் 1,460. ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியதற்கு ஒரு நாள். இல்லாத பிப்ரவரி 29-க்கு ஒரு நாள். எந்த முறை என்பதைக் கோப்பின் உள்ளே ஓர் அடையாளம் குறித்து வைத்திருக்கிறது. வரிசை எண்களை மட்டும் எடுத்து வேறொரு தரவுத்தளத்தில் ஏற்றும்போது அந்த அடையாளம் கூடவே வருவதில்லை. அதன்பின் எல்லாத் தேதிகளும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் நகர்ந்து நிற்கும். 2009 மார்ச் 3 என்பது 2005 மார்ச் 2 ஆகியிருக்கும். பார்ப்பவருக்கு இரண்டுமே இயல்பான தேதிகள். 1,462-ஐக் கூட்டத் தெரியாத கணினி எதுவும் இல்லை. கூட்ட வேண்டுமா என்ற தகவல்தான் இல்லை.

கோப்பு முறைகளிலும் இதே கதைதான். பழைய டாஸ் காலத்திலிருந்து வரும் ஃபேட் கோப்பு முறை, கோப்பு மாற்றப்பட்ட நேரத்தை உள்ளூர்க் கடிகாரத்தின்படி, இரண்டு நொடித் துல்லியத்தில், வலயம் எதையும் குறிக்காமல் எழுதுகிறது. சென்னையில் காலை 10 மணிக்கு அப்படி எழுதிய பென் டிரைவைச் சிங்கப்பூரில் செருகினாலும் 10 மணி என்றே காட்டும். சிங்கப்பூரின் 10 மணி சென்னையின் 7:30. அதே கோப்பை யூடிசியில் எழுதும் என்டிஎஃப்எஸ் வட்டுக்கு அங்கே நகலெடுத்தால், அந்தத் தவறான ஊகம் இனி மாறாத உண்மையாகப் பதிந்துவிடும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிறந்த நாள் என்பது ஒரு கணமே அல்ல, நாட்காட்டியில் ஒரு நாள். 1990 ஜூன் 15 என்பதை 'இந்திய நேரப்படி நள்ளிரவு' என்று கணமாக்கி யூடிசிக்குக் கொண்டுபோனால் ஜூன் 14, 18:30 ஆகும். அடுத்த கணினி மணியை வெட்டித் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்த மனிதர் ஒரு நாள் முன்னதாகப் பிறந்தவராகிவிடுகிறார். முதல் கணினி, கேட்கப்படாத ஒரு நள்ளிரவைத் தானாகச் சேர்த்தது. பிறகு நடந்த கணக்கில் ஒரு குறையும் இல்லை.

எல்லாவற்றையும் யூடிசியில் சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்கினால் இந்தத் தொல்லையெல்லாம் தீரும் என்பது வல்லுநர் பலர் சொல்லும் முதல் மறுப்பு. தன் கடிகாரத்தை ஒத்திசைத்து வைத்திருக்கும் கணினி, தானே கண்ட நிகழ்வைப் பதியும்போது இது சரியான அறிவுரை. கொழும்புக் கணினி அப்படிச் செய்திருந்தால் இரண்டு 00:15-களும் கலந்திருக்காது. (யூடிசிக்கும் உள்ளே ஒரு நுட்பம் உண்டு: 1972 முதல் சேர்க்கப்பட்ட 27 லீப் நொடிகளை யூனிக்ஸ் எண்ணிக்கை கணக்கில் கொள்வதில்லை, 1980-இல் எண்ணத் தொடங்கிய ஜிபிஎஸ் கடிகாரம் அதன்பின் வந்த லீப் நொடிகளை ஏற்காததால் 2017 முதல் யூடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது.) ஆனால் மனிதர் சொல்லும் நேரம் யூடிசியில் பிறப்பதில்லை. கெய்ரோவில் 2023 ஜூன் 10 காலை 10 மணிக்கு ஒரு கூட்டம் என்று அந்த ஆண்டுத் தொடக்கத்தில் முடிவு செய்து, அன்றைய விதிப்படி 08:00 யூடிசி என்று சேமித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எகிப்து அந்த ஏப்ரலில் கோடைக்கால நேரத்தை மீண்டும் கொண்டுவந்தது. சேமித்த எண் இப்போது 11 மணியைக் காட்டும். கூட்டத்துக்கு வருவோர் 10 மணிக்கே வந்திருப்பார்கள். வருங்கால நிகழ்வுக்கு மூலம் 'கெய்ரோ, காலை 10' என்பதே; யூடிசி அதிலிருந்து ஊகித்த ஒரு மதிப்பு மட்டும். ஊகத்தை வைத்துக்கொண்டு மூலத்தை எறிந்துவிடும் முறையை எந்த ஆவணக் காப்பகமும் ஏற்காது.

அப்படியானால் ஊரின் பெயரையும் சேர்த்துச் சேமித்துவிட்டால் போதும், மிச்சத்தை நேர வலயத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த மறுப்பு. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கி, 2011 முதல் ஐயானா அமைப்பின் பொறுப்பில் இருக்கும் அந்தத் தரவுத்தளம் கணினி உலகின் மிகச் சிறந்த வரலாற்று ஆவணங்களுள் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். 'ஏசியா/கொல்கத்தா' என்ற ஒரே பெயருக்குள் யூடிசிக்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னால் ஓடிய சென்னை நேரம் இருக்கிறது; 1906-இல் வந்த ஐந்தரை மணி இருக்கிறது; இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியா ஆறரை மணி முன்னால் ஓடியதும் இருக்கிறது. 1943-இல் சென்னையில் பிறந்தவரின் நேரத்தை ஐந்தரை மணி என்று வைத்து மாற்றும் மென்பொருள் ஒரு மணி நேரம் தவறும். இந்தத் தரவுத்தளத்தைக் கேட்கும் மென்பொருள் தவறாது. விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸ் ஒவ்வொரு வலயத்துக்கும் நடப்பு விதி ஒன்றையே வைத்துக்கொண்டு எல்லா ஆண்டுகளுக்கும் பொருத்தியதை நினைத்தால் இதன் அருமை புரியும். ஆனாலும் 1970-க்கு முந்தைய வேறுபாடுகள் முழுமையாக இருக்கும் என்று தரவுத்தளமே உறுதி சொல்வதில்லை. 1906 ஆணைக்குப் பிறகும் பம்பாயும் கல்கத்தாவும் நெடுங்காலம் தத்தம் நேரத்தைக் கைவிடவில்லை. பம்பாய்க்கெனத் தனிப் பெயர் அதில் இல்லை. அரசின் ஆணையும் சுவர்க் கடிகாரமும் எப்போதும் ஒன்றாக ஓடியவை அல்ல.

இந்த இடைவெளி மிகக் கூர்மையாக வெளிப்படுவது இலங்கையில்தான். மின் பற்றாக்குறை காரணமாக 1996 மே 25 அன்று அரசு கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஆறரை மணியாக்கியது. அக்டோபர் 26 அன்று அரை மணி குறைத்து ஆறாக்கியது. 2006 ஏப்ரல் வரை அதுவே நாட்டின் சட்டப்படியான நேரம். தரவுத்தளத்தில் 'ஏசியா/கொழும்பு' என்ற பெயரின் கீழ் இம்மூன்று மாற்றங்களும் துல்லியமாக உள்ளன. ஆனால் விடுதலைப் புலிகள் தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே கடிகாரங்கள் ஐந்தரை மணியிலேயே ஓடின. 2006-இல் வெளிவந்த செய்திகளிலிருந்து இதைத் தரவுத்தளமும் தன் குறிப்புரையில் எடுத்து எழுதியிருக்கிறது. எனினும் அவர்கள் வசமிருந்த வன்னிக்குத் தனிப் பெயர் இல்லை. தனிப் பெயரை எதிர்பார்ப்பது நியாயமற்றது என்று சொல்ல முடியாது, ஏனெனில் சின்ஜியாங்கில் பெய்ஜிங் நேரத்தோடு அருகருகே வழங்கும் உள்ளூர் நேரத்துக்கு 'ஏசியா/உரும்சி' என்ற பெயரை அதே தரவுத்தளம் வைத்திருக்கிறது. 1999-இல் 'காலை 6:10' என்ற பிறப்புக் குறிப்பு கொழும்பில் எழுதப்பட்டிருந்தால் அது 00:10 யூடிசி. கிளிநொச்சியில் எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலும் 00:40. அங்கேயும் திட்டவட்டமாகச் சொல்லிவிட முடியாது: கொழும்பிலிருந்து ஊதியம் பெற்ற அரசு மருத்துவமனையும், கொழும்பின் நேரத்தை ஏற்காத நிர்வாகமும் ஒரே ஊரில் இருந்தன. குறிப்பை எழுதியவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார் என்பதை ஊர்ப் பெயரிலிருந்து மட்டும் பெற வழியில்லை.

அரை மணி நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். தமிழ்க் குடும்பங்களில் பிறந்த நேரத்தை முதலில் கேட்பது ஜாதகம் கணிப்பவர். இன்று அவரும் மென்பொருளைத்தான் நம்புகிறார். அரை மணியில் லக்னம் சராசரியாக ஏழரை பாகை நகரும். நவாம்சக் கட்டம் ஒன்றின் அகலம் 3 பாகை 20 கலைதான் என்பதால் நவாம்ச லக்னம் இரண்டு கட்டமாவது தள்ளிப்போகும். சோதிடத்தை நம்பாதவருக்கும் இந்தக் கேள்வி அற்பமானதல்ல. போர்க்காலச் சம்பவம் ஒன்று எப்போது நடந்தது என்பதை வன்னியில் இருந்தவரின் கைக்குறிப்பும் கொழும்பின் தொலைபேசிப் பதிவும் வேறு வேறாகச் சொல்லும்போது, சாட்சியங்கள் முரண்படுகின்றன என்று முடிவு கட்டுவதற்கு முன் கடிகாரங்கள் ஒன்றா என்று கேட்க வேண்டும். அரை மணி வேறுபாட்டால் ஓர் உண்மையான சாட்சி பொய்யராகத் தோன்றக்கூடும்.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது: ஐஎஸ்ஓ 8601 எழுத்துமுறையில் நேரத்தோடு '+05:30' என்று சேர்த்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடுமே, மேலும் ஏன் சுமை ஏற்ற வேண்டும்? நடந்து முடிந்த கணத்தைக் காட்ட அது போதும் என்று ஒப்புக்கொள்கிறேன். வருங்கால நிகழ்வுக்குப் போதாது, ஏனெனில் வேறுபாடு விதியின் விளைவு. விதி மாறினால் அதுவும் மாறும். அதனால்தான் 2024-இல் வெளியான ஆர்எஃப்சி 9557, வேறுபாட்டோடு வலயத்தின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் எழுத வழிசெய்கிறது. இரண்டும் முரண்பட்டால் அந்த முரண்பாடு கண்ணுக்குத் தெரியும் என்பதே அதன் பெரும்பயன். ஆனால் பழைய ஆவணத்திலிருந்து தரவு ஏற்றுபவர், தமக்குத் தெரியாத '+06:00' ஒன்றைப் படிவம் கேட்கிறதே என்பதற்காக நிரப்பும்போது ஊகம் சான்றாக வேடமிடுகிறது. படிவத்தில் 'தெரியாது' என்று எழுத இடமில்லாததே இங்கே குறை. கூடுதல் புலங்களுக்கு ஆகும் சேமிப்பிடம் பதிவு ஒன்றுக்குச் சில பத்து பைட்டுகள். இழந்த சான்றைத் திரும்பப் பெற எத்தனை பைட்டும் உதவாது.

வட மாகாணத்தின் அக்காலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுவோருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை இது. எழுதப்பட்ட நேரம் எழுதப்பட்டபடியே ஒரு புலத்தில் இருக்க வேண்டும். எழுதப்பட்ட ஊரும் எழுதிய அலுவலகமும் இன்னொன்றில். எந்தக் கடிகாரம் என்று முடிவு செய்தோம், எந்தச் சான்றால் என்பது மூன்றாவதில். யூடிசி மதிப்பு இவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாக, சான்று மாறும்போது மீண்டும் கணக்கிடக்கூடியதாக இருக்க வேண்டும். கடிகாரம் எது என்று நிறுவ முடியாத பதிவுக்கு ஒற்றை எண் தரவே கூடாது. கிளிநொச்சியின் அந்த 6:10-க்கு, 00:10-உம் 00:40-உம் ஆகிய இரண்டு மதிப்புகளும் பதிய வேண்டும். அதே ஆண்டில் அதே அலுவலகம் எழுதிய வேறொரு குறிப்பு, கொழும்பிலும் பதிவான ஒரு நிகழ்வைச் சொன்னால், அன்று இரண்டில் ஒன்றை நீக்கலாம்.