தென்தேசத்து ராஜஸ்திரீ

மந்தைவெளியில் நான் வளர்ந்த வீட்டில் நியாயத்தீர்ப்பு நாள் என்றாலே பயம். எங்கள் சபைப் போதகர் ஒருவர், கடைசி நாளில் மேசியா முதலில் கணக்குக் கேட்கப்போவது பெண்களின் உடுப்பைப் பற்றித்தான் என்பதுபோலப் பிரசங்கிப்பார். பாட்டி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார். வெகுகாலம் கழித்துத்தான் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். சிங்காசனத்தில் அமர்ந்த மேசியா கேட்பதெல்லாம் பசித்தவர், தாகமுற்றவர், அந்நியர், நோயாளி, சிறையில் கிடப்பவர் பற்றி. உடையைப் பற்றி வருவது ஒன்றே: இல்லாதவருக்குக் கொடுத்தாயா?

தீர்ப்பிடும் அதிகாரம் முழுவதும் மகனிடம் ஒப்படைக்கப்பட்டது என்கிறது யோவான் 5. அந்த அதிகாரத்தின் பெயரால் பூமியில் யார் பேசலாம் என்ற தகராறுதான் திருச்சபை வரலாற்றின் பெரும்பகுதி.

நம் ஊரிலேயே பாருங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று, கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு அது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை சேர 28 ஆண்டுகள் பிடித்தன. அதில் பெரிய முடிச்சு பேராயர் பதவி. அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமாறி வந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது, யார் கைவைத்தால் அபிஷேகம் செல்லும்? அந்தக் கை யாருடையது என்பதில்தான் சண்டை. ஆணின் கை என்பதில் சண்டையே இல்லை. எலிசபெத் பால் குருவாக அபிஷேகம் பெற்றது 1976-இல். எகோனி புஷ்பலலிதா நந்தியால் பேராயரானது 2013-இல், சபை பிறந்து 66 ஆண்டுகள் கழித்து.

சுவிசேஷம் வேறு வரிசையில் போகிறது. யோவானில், தானே மேசியா என்று இயேசு வாய்திறந்து சொல்வது கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம். உயிர்த்தெழுந்த செய்தியோடு சீடர்களிடம் அனுப்பப்படுபவள் மகதலேனா மரியாள். மத்தேயு 12-இல் இன்னொருத்தி வருகிறாள்: தென்தேசத்து ராஜஸ்திரீ. சாலொமோனைக் கேள்வி கேட்டுச் சோதிக்கப் பயணம் வந்த சேபா நாட்டு அரசி. நியாயத்தீர்ப்பு நாளில் அவள் எழுந்து நின்று, அந்தத் தலைமுறையைக் குற்றவாளி என்று தீர்ப்பாள் என்கிறார் இயேசு. புறஜாதிப் பெண்ணுக்குத் தீர்ப்பு நாளில் வாய் இருக்கிறது! இதை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

பாட்டி போன பிறகு அவருடைய வேதாகமம் என்னிடம் வந்தது. அதில் அடிக்கோடிட்ட வசனங்கள் குறைவு. 12:42-இன் கீழ் பென்சில் கோடு இருக்கிறது, தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டது.