இரை விலங்குகள்: வாழிடத் துண்டாக்கமும் கள்ளவேட்டையும்

புலி, சிறுத்தை, செந்நாய், நரி, பருந்து போன்ற ஊனுண்ணிகள் பிடித்துத் தின்னும் உயிரினங்களை இரை விலங்குகள் என்பர். தமிழ்நாட்டு மலைக்காடுகளில் கடமான், புள்ளிமான், காட்டெருது, கேளையாடு, காட்டுப்பன்றி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. சமவெளியில் வெளிமான், முயல், மயில், கௌதாரி, காடை ஆகியவற்றைச் சொல்லலாம். இவை குறைவதற்குக் காடு துண்டாவதையும் கள்ளவேட்டையையும் இரு தனிக் காரணங்களாக எழுதுவது வழக்கம். களத்தில் இரண்டையும் பிரிப்பது கடினம். காடு துண்டானால் வேட்டைக்காரருக்கு வழி திறக்கிறது. வேட்டையில் குறைந்த கூட்டத்துக்குத் துண்டுக் காட்டுக்குள் மீண்டும் பெருக வழியில்லை.

விழுப்புரத்துக்கு அருகில் உள்ள காணையும் அதன் சுற்றுப்புறமும் இந்த நிலைமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏரிப்பாசன வயல், கரும்பு, மல்லாட்டை எனும் நிலக்கடலைக் கொல்லை என நிலம் விரிகிறது. வடக்கிலும் வடமேற்கிலும் செஞ்சிப் பாறைக்குன்றுகள், பாக்கமலைக் காப்புக்காடு. வடகிழக்கே திண்டிவனத்தைத் தாண்டினால் மரக்காணம் கடற்கரை. இவற்றுக்கு இடையில் முள்புதர்க் காடும், சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடும் திட்டுத்திட்டாக எஞ்சியுள்ளன. பழைய மாவட்டத்தின் பெரிய மலைக்காடான கல்வராயன் மலை, 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனுடன் போய்விட்டது. இன்றைய விழுப்புரத்தில் மிஞ்சியவை பெரும்பாலும் ஊர்கள் சூழ்ந்த சிறு காடுகளே. கோடையில் தண்ணீர் தேடி வெளியே வரும் மான் கிணற்றில் விழுவதும், நாய்களிடம் கடிபட்டுச் சாவதும் வட மாவட்டங்களில் ஆண்டுதோறும் வரும் செய்தி. இதை விபத்து என்று பதிவு செய்கிறார்கள். காட்டின் அளவு சிறுத்ததன் விளைவு என்று பதிவதே பொருத்தம்.

துண்டாக்கத்தின் கணக்கு எளியது, ஆனால் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை. பக்கத்துக்குப் பத்து கிலோமீட்டர் உள்ள சதுரக் காடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 100 சதுர கிலோமீட்டர், எல்லை 40 கிலோமீட்டர். அதே பரப்பை நான்கு சதுர கிலோமீட்டர் கொண்ட 25 துண்டுகளாக்கினால் எல்லையின் மொத்த நீளம் 200 கிலோமீட்டராகிவிடும். ஊர் நாயும் கண்ணி வைப்பவரும் எல்லையிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே வருவதாகக் கொண்டால், முழுக்காட்டில் 81 சதுர கிலோமீட்டர் தொந்தரவில்லாமல் இருக்கும். துண்டுக் காடுகளில் அது மொத்தமே 25தான். வனத்துறைக் கணக்கில் ஒரு ஏக்கர்கூடக் குறைந்திருக்காது. சாலை, ரயில் பாதை, கல்குவாரி, மனைப்பிரிவு ஆகியவற்றால் ஆகும் சேதத்தைப் பரப்பளவு காட்டிக்கொடுக்காததற்கு இதுவே காரணம்.

எல்லா விலங்கும் இதை ஒரே மாதிரி தாங்குவதில்லை. காட்டுப்பன்றி ஒரே ஈற்றில் பல குட்டிகள் போடும். கிழங்கு, மல்லாட்டை, கரும்பு எதையும் தின்னும். முயலும் வேகமாகப் பெருகும். மான்களோ பொதுவாக ஈற்றுக்கு ஒரு குட்டிதான் ஈனும், காட்டெருதும் அப்படியே. ஒரு கூட்டத்தில் ஆண்டுக்குப் பத்து சாவு என்பது பன்றிக்குப் பொருட்டே இல்லை, கடமானுக்கு அழிவு. பத்திருபது மட்டுமே எஞ்சிய கூட்டத்தில் உறவுக்குள்ளேயே இணைசேர்க்கை நடந்து நோய் எதிர்ப்பு குன்றும். ஒரு வறட்சியோ கோமாரியோ வந்தால் அத்துடன் முடிந்தது. வெளியிலிருந்து புதிய ஆண் வந்து சேரவும் வழி அடைபட்டிருக்கும். ‘மிருகம் ரொம்பப் பெருகிப்போச்சு’ என்று உழவர் சொல்வதும், இரை விலங்கு குறைகிறது என்று ஆய்வாளர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாவது இதனால்தான். உழவர் கண்ணில் படுபவை பன்றியும் மயிலும்.

தமிழ்நாட்டில் இந்தக் கதையை முழுதாகக் காட்டுவது வெளிமான். திறந்த புல்வெளியில் ஓடித் தப்பிக்கும் இந்த விலங்கு தமிழகச் சமவெளிகளில் ஒருகாலத்தில் பரவலாக மேய்ந்தது. இன்று அது பெயர் சொல்லி எண்ணக்கூடிய சில இடங்களுக்குள் ஒடுங்கிவிட்டது: கோடியக்கரை, வல்லநாடு, கிண்டி, சத்தியமங்கலத்தை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கு. முதலில் துரைமாரும் சமஸ்தானத்தாரும் விளையாட்டுக்குச் சுட்டார்கள். பிறகு புல்வெளி உழவுக்குப் போனது. புறம்போக்கு என்று எழுதப்பட்ட நிலத்தைக் காக்க யாரும் முன்வரவில்லை. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் பட்டியலில் வைத்து, கொல்பவருக்குச் சிறை என்றது. அதற்குள் இடைவழிகள் மறைந்துவிட்டன.

கிண்டி 1910இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது பரப்பு சுமார் 505 ஹெக்டேர். இந்தியத் தொழில்நுட்பக் கழகம், தலைவர்களின் நினைவிடங்கள் என்று ஒவ்வொன்றாக நிலம் போய், 1978இல் தேசியப் பூங்காவானபோது ஏறத்தாழ 270 ஹெக்டேர் மிஞ்சியது. வெளிமான் பூங்காவில் போலோ திடல் எனப்படும் புல்வெளியையே பெரிதும் நம்பியிருக்கிறது. தொழில்நுட்பக் கழக வளாகத்தில் சிக்கிக்கொண்ட கூட்டத்துக்கு மதிலும் கட்டடமும் எல்லை, தெருநாய்களே கொன்றுண்ணிகள். இங்கே துப்பாக்கி வேண்டாம், துண்டாக்கம் ஒன்றே போதும்.

கோடியக்கரையின் சிக்கல் வேறு. 1967இல் சரணாலயமான அந்த நிலத்தின் புல்வெளியைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. வெளியே பார்த்தால் பச்சை கூடியிருக்கும். புல்லை நம்பிய மானுக்கு அது வாழிடம் இல்லை. மேய்ச்சலுக்குக் காட்டுக்குதிரைகளுடன் போட்டி வேறு. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு 1987இல் வெளிமானுக்கென்றே சரணாலயமாக்கப்பட்டது. பரப்பு 16 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள அந்தக் குன்றில் வாழ்வது, இந்த இனத்தின் தென்கோடிக் கூட்டம்.

இரை குறைந்தால் ஊனுண்ணி என்ன ஆகும் என்பதற்குக் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்து நாகரகொளெயில் செய்த ஆய்வுகள் அடிப்படை. ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் ஐம்பது பெரிய விலங்குகளைக் கொல்கிறது. இரைக்கூட்டம் குறையாமல் இந்தத் தேவை ஈடாக, அதன் எல்லைக்குள் ஐந்நூறாவது வேண்டும். மரம் நின்றிருக்க விலங்கு இல்லாமல் போன காட்டை ‘வெற்றுக்காடு’ என்றார் சூழலியலாளர் கென்ட் ரெட்ஃபோர்டு, 1992இல். புலியைச் சுடாமலே, கடமானுக்குச் சுருக்கு வைத்தே புலியை இல்லாமல் செய்யலாம் என்பது இந்த இரண்டும் சேர்ந்து சொல்லும் செய்தி. சிறுத்தை மட்டும் ஆடு, நாய் என்று மாறிக்கொள்ளும். அதன் பிறகு தகராறு ஊரோடுதான்.

கள்ளவேட்டையின் கருவிகள் பெரும்பாலும் மலிவானவை. இருசக்கர வாகனத்தின் பிரேக் கம்பியில் செய்த சுருக்கு, முயலுக்கு வலை, நெற்றி விளக்கும் நாட்டுத் துப்பாக்கியும், பன்றிக்கு இரைக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய். இவற்றுள் சுருக்கும் அவுட்டுக்காயும் ஆள் பார்ப்பதில்லை. பன்றிக்கு வைத்ததில் மானும் மாட்டும், யானையின் வாயும் சிதையும். கொல்லையைச் சுற்றித் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவது இன்னும் கொடியது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் இறந்தன. அதே ஆண்டு மாநில அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது.

வேட்டை என்றதும் இருளரையும் நரிக்குறவரையும் சுட்டுவது விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பழகிப்போன ஒன்று. எலியும் காடையும் பிடித்து வயிறு கழுவியவர்களால் ஒரு மாவட்டத்தின் மான்கூட்டம் மறையாது. ஆசைக்குக் கறி தேடி விலை கொடுப்பவர் இருக்கும்வரை சுருக்கு வைக்கும் கை மாறிக்கொண்டே இருக்கும். மரக்காணம் அருகே கழுவெளியில் வலசைப் பறவைகளுக்கு வலை விரித்ததும், நஞ்சு தோய்த்த நெல்லைத் தூவியதும் அந்தச் சந்தைக்காகவே. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த உவர்நீர் ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

காட்டுப்பன்றி பற்றி 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த கொள்கை நிலத்தை மூன்றாகப் பிரிக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இது தெளிவான கோடு. செஞ்சி வட்டாரம் போலச் சிறு காப்புக்காடுகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் ஒரு காட்டின் வளையம் அடுத்த காட்டின் வளையத்தின் மேல் விழுகிறது. ஒரே கரும்புக் கொல்லையின் ஒரு பக்கம் பிடித்து விட வேண்டிய பன்றி, மறுபக்கம் போனால் சுடக்கூடிய பன்றியாகலாம். எந்தப் பக்கம் நின்றது என்று கொல்லைக்காரர் வனவருக்கு அளந்து காட்ட வேண்டியிருக்கும்.