மருந்தும் உணவும்: சென்னைக் காசநோய் ஆய்வின் வரலாறு

காசநோயைத் தோற்றுவிப்பது நுண்ணுயிரே எனினும், காற்றோட்டமற்ற நெருக்கமான குடியிருப்புகளில் அது எளிதில் பரவுவதாலும், போதிய உணவின்றி மெலிந்த உடல் அதை எதிர்க்கும் ஆற்றலை இழப்பதாலும், அந்நோய் ஏழைகளையே மிகுதியாகத் தாக்கி வந்துள்ளது. உரிய மருந்து கண்டறியப்படாத காலத்தில், தூய காற்றும் முழு ஓய்வும் சத்துணவும் அளிக்கும் 'சானடோரியம்' எனப்பட்ட உறைவிட மருத்துவமனைகளே நோயாளிகளின் புகலிடமாக இருந்தன. 1928-இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவியதும் அத்தகையதே. ஆயினும், அங்குப் படுக்கைகள் போதாமலிருந்ததோடு, அன்றாடக் கூலியை நம்பிய குடும்பங்களால் பல மாத ஓய்வைத் தாங்கவும் இயலவில்லை.

1952-இல் ஐசோனியசிட் என்னும் மலிவான மாத்திரை பயன்பாட்டுக்கு வந்தபின், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து 1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அம்மையம், நகரத்து ஏழை நோயாளிகளை, எவரையும் தெரிந்தெடுக்காமல் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவருக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு வழங்கியது. 1959-இல் வெளியான முடிவுகளின்படி, சானடோரியத்தில் இருந்தோர் சிறந்த உணவும் ஓய்வும் பெற்று எடை கூடியிருந்தபோதிலும், நோய் குணமாவதில் இரு பிரிவினரிடையே பெரிய வேறுபாடு இல்லை. வீட்டுச் சிகிச்சையால் உடன் வாழ்ந்தோருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் தொடர்ந்த கண்காணிப்பில் உறுதியாயிற்று. இந்தியா 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், வீட்டிலிருந்தபடியே பெறும் சிகிச்சையைத் தன் அடிப்படையாகக் கொள்ள இம்முடிவுகள் வழிவகுத்தன.

எனினும், நோயைக் குணப்படுத்தும் மருந்து, நோய் தோன்றும் சூழலை மாற்றுவதில்லை. ஜார்க்கண்டில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நோயாளியின் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் வழங்கியபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. நோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் உதவித்தொகை வழங்க 2018-இல் நடுவண் அரசு தொடங்கி, பின்னர் 1000 ரூபாயாக உயர்த்திய திட்டம் இத்திசையில் ஒரு படியே. மாத்திரையை ஏழையின் வாசலுக்குக் கொண்டுசேர்த்த அரசு, அவர் குடும்பத்தின் உணவையும் உறைவிடத்தையும் காசநோய்த் தடுப்பின் பகுதியாகக் கருதி அவற்றுக்கு நிதி ஒதுக்கும்போதே சென்னை ஆய்வு தொடங்கிவைத்த பணி நிறைவுறும்.