ஸ்டேஷன் வாசலில் ஒரு வெளிநாடு: ஜப்பானின் ஆங்கில வகுப்புகள் எழுந்த கதை, விழுந்த கதை

போன எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் மெயில் போட்டிருந்தார். கல்லூரி முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாராம். ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் சான்றிதழ் ஒன்றை ஆன்லைனில் படித்து, ஜப்பானுக்கு டீச்சராகப் போகலாம் என்று யோசிக்கிறாராம். "ஏஐ வந்துவிட்டது, இனிமே அந்த வேலை இருக்குமா ப்ரோ?" என்று கேட்டிருந்தார். நான் சாஃப்ட்வேர் ஆள், ஆரூடம் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைப் படிக்க உட்கார்ந்தவன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதில் ஏஐ வருவது கடைசிப் பக்கத்தில்தான்.

ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த முதல் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' ஒரு கைதி. பெயர் ரானல்ட் மெக்டொனால்ட். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அம்மா வட அமெரிக்காவின் சினூக் பழங்குடியைச் சேர்ந்தவர். ஜப்பான் தன் கதவுகளை இழுத்துச் சாத்தி வைத்திருந்த காலம் அது. 1848ல் இவர் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலில் இருந்து சின்னப் படகில் இறங்கி, கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர் மாதிரி நடித்து, வடக்கே ரிஷிரி என்ற தீவில் கரையேறினார். பிடித்து நாகசாகிக்கு அனுப்பி அடைத்துவிட்டார்கள். அங்கே 14 மொழிபெயர்ப்பாளர்கள் அவரிடம் பாடம் கேட்க வந்தார்கள். அவர்களுக்கு டச்சு தெரியும், ஆங்கிலம் அரைகுறை. அதில் ஒருவரான மொரியாமா எய்னொசுகே, பிறகு அமெரிக்கக் கப்பற்படைத் தளபதி பெர்ரியோடு நடந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தார். மெக்டொனால்ட் 1849ல் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பலில் ஏறிப் போய்விட்டார். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. இந்தச் சாப்பாட்டு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்பி வரும்.

மெய்ஜி காலத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். அரசாங்கமே வெளிநாட்டு ஆசிரியர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தது. லஃப்காடியோ ஹெர்ன் அப்படித்தான் மட்சுவே ஊருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனார். பிற்பாடு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவர் விட்ட இடத்துக்கு வந்தவர் நாவலாசிரியர் நட்சுமே சோசெகி. அப்புறம் போர் வந்தது. ஆங்கிலம் எதிரியின் மொழி ஆனது. பேஸ்பாலில் 'ஸ்ட்ரைக்' என்று சொல்வதற்குக்கூட ஜப்பானிய வார்த்தை கண்டுபிடித்தார்கள்.

1945 ஆகஸ்டில் போர் முடிகிறது. அக்டோபரில் 32 பக்கத்தில் ஒரு ஜப்பானிய-ஆங்கில உரையாடல் கையேடு கடைக்கு வருகிறது. விற்றது 30 லட்சம் பிரதிக்கும் மேல்! நகரங்கள் எரிந்து கிடக்கின்றன, அரிசிக்கு வரிசை நிற்கிறது, ஆனால் 'தேங்க் யூ' சொல்லக் கற்றுக்கொள்ள ஒரு தேசமே புத்தகம் வாங்குகிறது. அடுத்த பிப்ரவரியில் ஹிராகவா ததாயிச்சி ரேடியோவில் ஆங்கிலப் பாடம் ஆரம்பிக்கிறார். குழந்தைப் பாட்டு மெட்டில் தலைப்புப் பாடல், வீடு வீடாகக் கேட்டது. நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு மொழியைத் தேடிப் போவது அந்த மொழிமேல் காதல் வந்ததால் மட்டும் இல்லை. யாரோடு பேசியாக வேண்டியிருக்கு என்பதால்.

சரி, இப்போ மெயின் கதைக்கு வருவோம். 1985ல் பிளாசா ஒப்பந்தம். அதற்கு முன்னால் ஒரு டாலர் சுமார் 240 யென். மூன்றே வருஷத்தில் 120, 130 என்று ஆகிவிட்டது. ஜப்பான்காரர் கையில் திடீரென்று உலகம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வெளிநாட்டுப் பயணம், வெளிநாட்டு வியாபாரம், கூடவே ஆங்கிலம். அந்தப் பக்கம் அமெரிக்க, ஆஸ்திரேலியப் பட்டதாரிக்கு யென் சம்பளம் தங்கமாகத் தெரிகிறது. 1987ல் அரசாங்கமே ஜெட் திட்டத்தைத் தொடங்கி, வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்களாகக் கொண்டுவந்தது. தனியாரில் 'எய்கைவா' பள்ளிகள் முளைத்தன. நம்ம ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் மாதிரி, ஆனால் கார்ப்பரேட் அளவில்.

அதில் ராஜா நோவா. பாரிஸில் படித்துவிட்டு ஊர் திரும்பிய சஹாஷி நொசொமு என்ற இளைஞர் 1981ல் ஒசாகாவில் தொடங்கியது. அவர் விற்ற கோஷம் 'எக்கிமாயே ர்யூகாகு'. அதாவது ஸ்டேஷன் வாசலிலேயே வெளிநாட்டுப் படிப்பு. ரயிலில் இருந்து இறங்கினால் எதிர்க் கட்டடத்தில் வெளிநாடு! ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நாற்பது நிமிஷம் ஒரு கனடாக்காரரோடு பேசிவிட்டுப் போகலாம். பறவை மூக்கு வைத்த இளஞ்சிவப்பு முயல்தான் அவர்களுடைய சின்னம். டிவியில் அது சக்கைப்போடு போட்டது, பொம்மையாகவும் விற்றது. உச்சத்தில் 900க்கும் மேல் கிளைகள், நாலாயிரத்துக்கும் மேல் வெளிநாட்டு ஆசிரியர்கள், சந்தையில் ஏறக்குறைய பாதி. இன்னொன்று: நாம் ஜூமில் படிப்பதற்கு ரொம்ப காலம் முன்பே வீடியோ போனில் பாடம் நடத்தினார்கள். அதற்குப் பெயர் வீட்டு ஹாலிலேயே வெளிநாட்டுப் படிப்பு.

இனிமேல்தான் இன்ஜினியர் மண்டைக்குப் பிடித்த பகுதி. நோவாவின் கணக்கு எப்படி ஓடியது?

மாசக் கட்டணம் இல்லை, 'பாயின்ட்' முறை. முன்கூட்டியே மொத்தமாக வாங்கணும். அதிகமாக வாங்கினால் ஒரு பாயின்ட் விலை குறையும். ஒரு உதாரணக் கணக்கு, புரிவதற்காக நான் போட்டது: 600 பாயின்ட் வாங்கினால் ஒன்று 1,200 யென், நூறு வாங்கினால் ஒன்று 2,000 யென் என்று வச்சுக்கோங்க. நீங்க 600 வாங்கி 7,20,000 கட்டிட்டீங்க. நூறு வகுப்பு முடிந்ததும் வேண்டாம் என்று நிறுத்துறீங்க. நியாயப்படி 1,20,000தான் கழியணும். நோவா என்ன சொல்லும் தெரியுமா? "நீங்க நூறுதான் பயன்படுத்தினீங்க, அதனால் விலை 2,000." 2,00,000 கழிச்சுட்டு மீதி. மேலே பாயின்ட்டுக்குக் காலாவதித் தேதி. சாயந்திரம் ஆறு மணிக்கு எல்லாருக்கும் வகுப்பு வேணும், அத்தனை ஆசிரியர் கிடையாது. புக் பண்ண முடியாமலேயே பாயின்ட் செத்துப்போகும்.

முன்பணமாக வந்த காசு உண்மையில் வருமானம் இல்லை. நடத்தாத வகுப்புகளுக்கான கடன். அந்தக் கடனை எடுத்துப் புதுக் கிளை திறந்து, விளம்பரம் போட்டு, புது மாணவர்களிடம் புது முன்பணம் வாங்கினார்கள். நிறுத்தும் நிபந்தனையே எழுதாத ரிகர்ஷன் மாதிரி. மெமரி இருக்கும் வரை அழகாக ஓடும்.

மெமரியைக் கூட்டிக் கொடுத்தது யாரு? அரசாங்கம்! 1998 டிசம்பரில் ஒரு உதவித்தொகைத் திட்டம் வந்தது. வேலைக் காப்பீடு கட்டும் ஊழியர் ஒரு பயிற்சிப் படிப்பில் சேர்ந்தால் கட்டணத்தில் 80 சதவீதம் வரை, ஒரு உச்சவரம்புக்குள், திரும்பக் கிடைக்கும். எய்கைவா பள்ளிகளுக்குத் தீபாவளி. மாணவர் கையிலிருந்து போவது ஐந்தில் ஒரு பங்கு என்றால் யார் சேர மாட்டாங்க? 2003ல் அரசு அதை 40 சதவீதமாகக் குறைத்து, வரம்பையும் இறக்கியது. ஆங்கில வகுப்புகளுக்குத் தேவை சரிய ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் கேட்டால் நான் முதலில் கை காட்டுவது இதைத்தான். பாதிக்கும் மேலான தேவை கற்கும் ஆசையா, தள்ளுபடியா என்று அப்போதுதான் தெரிய வந்தது. ஆனால் நோவா கிளை திறப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது, ஏன்னு மேலே சொன்னேன்.

2007 அந்த வருஷம். ஏப்ரலில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் நோவாவின் கழிவுக் கணக்கு செல்லாது என்று தீர்ப்பு கொடுத்தது. ஜூனில் பொருளாதார அமைச்சகம், விதிமீறல்களைக் காட்டி, நீண்டகாலப் புது ஒப்பந்தங்கள் போட ஆறு மாதத் தடை விதித்தது. முன்பணக் குழாய் அடைபட்டது. அதே நேரம் பழைய மாணவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு வரிசை கட்டினார்கள்.

செப்டம்பரில் சம்பளம் தாமதம். அக்டோபரில் சம்பளமே இல்லை. இதில் ஒரு கொடுமை: நிறைய ஆசிரியர்கள் கம்பெனி ஏற்பாடு செய்த வீட்டில் இருந்தார்கள். வாடகையைச் சம்பளத்தில் பிடித்துவிட்டு, வீட்டுக்காரருக்குக் கம்பெனி கட்டவில்லை. இருபத்துமூன்று வயசுப் பிள்ளை, மொழி தெரியாத ஊர், கதவில் காலி பண்ணச் சொல்லி ஒரு காகிதம். அதைக்கூட அவரால் படிக்க முடியாது.

அக்டோபர் 26, 2007. சஹாஷியைத் தலைவர் பதவியில் இருந்து இயக்குநர் குழு நீக்கிவிட்டு, ஒசாகா நீதிமன்றத்தில் மறுசீரமைப்புப் பாதுகாப்புக்கு மனு போட்டது. ஒரே நாளில் எல்லா ஷட்டரும் கீழே. முன்பணம் கட்டியிருந்தவர்கள் லட்சக்கணக்கில். நிர்வாகப் பொறுப்பேற்ற வழக்கறிஞர்கள் சஹாஷியின் அலுவலக அறையைப் பத்திரிகைக்காரர்களுக்குத் திறந்து காட்டினார்கள். படுக்கை அறை, சானா குளியலறை, தேநீர்ச் சடங்குக்குத் தனி அறை. ஊர் கொதித்தது. எனக்கு அந்த அறையை விட இன்னொரு விஷயம்தான் கலக்கமாக இருந்தது. பிற்பாடு அவர்மேல் நிரூபணமான குற்றம், ஊழியர்களின் பரஸ்பர நல நிதியில் இருந்து சுமார் 32 கோடி யென்னை எடுத்தது. எதுக்குத் தெரியுமா? விலகிய மாணவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்க. ஆசிரியர் பையில் எடுத்து மாணவர் பையில் போட்டிருக்கார்.

ஆஸ்திரேலிய ஆசிரியர்கள் ஊர் திரும்ப குவாண்டாஸ் சலுகை டிக்கெட் கொடுத்தது. தொழிற்சங்கம் ஒரு வேலை செய்தது: சாப்பாட்டுக்குப் பாடம். மாணவர் ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தால் ஆசிரியர் ஒரு வகுப்பு எடுப்பார். நாகசாகிச் சிறையில் மெக்டொனால்ட் பார்த்த அதே வேலை, அதே கூலி. 159 வருஷம் கழிச்சு.

கொஞ்சம் சொந்தக் கதை. நான் காலேஜ் முடித்த வருஷம் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். மொத்தமாகக் கட்டினால் முப்பது சதவீதம் தள்ளுபடி. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டினார். ஆறாவது வாரம் போனால் ஷட்டர். எங்களுக்கு எஸ்க்யூஎல் நடத்திய சார் அதே ஷட்டருக்கு வெளியே, எங்களோடவே நின்னுட்டிருந்தார். அவருக்கு ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி. அன்னைக்கு அவர்மேல்தான் எங்களுக்குக் கோபம், நல்லா கத்தினோம். நோவா கதையைப் படிக்கும்போது அவர் முகம்தான் வந்து நின்றது.

நோவா பெயர் இன்றும் இருக்கு, வேறு முதலாளியிடம். 2010ல் இன்னொரு பெரிய சங்கிலியான ஜியோஸும் திவால் ஆனது. ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று: நோவா விழுந்த அதே 2007 அக்டோபரில் டோக்கியோவில் ரேர்ஜாப் என்ற சின்னக் கம்பெனி பதிவானது. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள், ஸ்கைப், 25 நிமிஷ வகுப்பு. ஸ்டேஷன் எதிரே கட்டடம் வேண்டாம், ஆசிரியருக்கு விசா வேண்டாம், விலையோ பல மடங்கு குறைவு. ஆங்கிலம் தேவைப்பட்டது, ஆங்கிலம் பேசும் வெள்ளைக்காரர் டோக்கியோவுக்கு வரத் தேவைப்படவில்லை. இந்த ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "டிமாண்ட் செத்துப்போச்சு" என்று சொல்கிறோம்.

இன்னொரு அடி நாணயத்தில் விழுந்தது. 90களில் ஒரு எய்கைவா ஆசிரியருக்கு மாதம் இரண்டரை லட்சம் யென் என்பது வழக்கமான சம்பளம். 1995ல் யென் உச்சத்தில் இருந்தபோது, டாலருக்கு 80 என்று கணக்கிட்டால், அது 3,100 டாலருக்கு மேல். 2024 ஜூலையில் டாலருக்கு 160. அதே இரண்டரை லட்சம் அப்போ 1,560 டாலர்தான். சம்பளச் சீட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, பாதி காணாமல் போய்விட்டது. ஊரில் கல்விக் கடன் கட்டணும் என்று வரும் அமெரிக்கப் பிள்ளைக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும்?

சீனாவில் இதே படம் வேகமாக ஓடியது. 2021 ஜூலையில் அரசாங்கம் ட்யூஷன் தொழிலை ஒடுக்க உத்தரவு போட்டது. வெளிநாட்டில் உட்கார்ந்து சீனக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்கவும் தடை. அமெரிக்காவில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கேமரா முன்னால் பொம்மை ஆட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான டீச்சர்களுக்கு வேலை போனது. அதுவும் ஏஐ செய்ததில்லை, ஒரு அரசாணை செய்தது. ஏஐ பேச்சுப் பயிற்சி ஆப்கள் இப்போ வந்து சேர்ந்திருப்பது ஏற்கெனவே இருபது வருஷமாக இளைத்துக்கொண்டிருந்த தொழிலுக்குள்.

மெயில் போட்ட நண்பருக்கு. ஜப்பானில் 2020ல் இருந்து அஞ்சாம், ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் முறையான பாடம், அதனால் பள்ளிக்கூட வேலைகள் இருக்கு, ஜெட் திட்டமும் ஓடுகிறது. போகணும்னா போங்க. மூணு கேள்வி மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கோங்க: சம்பளத் தேதி எது, வீட்டு ஒப்பந்தம் யார் பெயரில், அந்தக் கம்பெனி மாணவர்களிடம் எத்தனை மாசப் பணத்தை முன்னாடியே வாங்குது. மூணாவதைக் கேட்டா முறைப்பாங்க. கேளுங்க. பதில் வந்தா எனக்கும் ஒரு மெயில் போடுங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.