பத்தாயிரம் டாலருக்கு வட்டி பத்தாயிரத்து முந்நூறா? ஒரு செய்தித் தளம் பெயரைக் கெடுத்துக்கொண்ட கதை



போன வாரம் என் தம்பி மகன் கார் கடன் பற்றிய ஒரு கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பெரியப்பா, இதில் போட்டிருக்கிற வட்டிக் கணக்கு சரிதானா?" என்று கேட்டிருந்தான். சரியில்லை. தாளை எடுத்து வரிவரியாகப் போட்டு, படம் பிடித்து அனுப்பினேன். "பெரிய வெப்சைட்டில் வந்ததாச்சே பெரியப்பா" என்று பதில் போட்டான். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். பெரிய இடத்தில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எப்படி வளர்கிறது, எப்படிக் கெடுகிறது என்பதற்கு அமெரிக்காவின் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் வரலாறு நல்ல பாடம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சிநெட் 1990-களின் முற்பாதியில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. ஹால்சி மைனர், ஷெல்பி பானி என்ற இருவர் நிறுவனர்கள். முதலில் தொலைக்காட்சி நிகழ்ச்சி, 1995-ல் இணையதளம். கணினி என்றாலே பலருக்கும் பயமாக இருந்த காலம் அது. எந்தக் கணினி வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது என்று வாங்கிப் பயன்படுத்திப் பார்த்து, நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் எழுதினார்கள். உங்களில் கம்ப்யூட்டர் படித்த மூத்த மாணவர்கள் பலர் அவர்களுடைய டவுன்லோட் தளத்தில் மென்பொருள் இறக்கியிருப்பீர்கள்.

அவர்களுடைய செய்திப் பிரிவுக்கு முதுகெலும்பு இருந்தது. இரண்டு நிகழ்ச்சிகள் சொல்கிறேன். 2005-ல், கூகுள் தேடலில் ஒரு மனிதரைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதைக் காட்ட, கூகுளின் தலைமை அதிகாரி எரிக் ஷ்மிட்டைப் பற்றியே தேடி, கிடைத்த விவரங்களை எழுதினார்கள். கூகுளுக்குக் கோபம் வந்து, சிநெட் நிருபர்களோடு ஓராண்டுக்குப் பேசப் போவதில்லை என்று அறிவித்தது. பிறகு அதற்கு முன்பே இறங்கி வந்தது. 2006-ல் எச்.பி. நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் பேசியது சிநெட் செய்தியில் வந்துவிட்டது. சொன்னது யார் என்று கண்டுபிடிக்க, எச்.பி. அமர்த்திய துப்பறிவாளர்கள் பொய்ப் பெயர் சொல்லி நிருபர்களின் தொலைபேசிப் பதிவுகளையே எடுத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் எச்.பி.யின் இயக்குநர் குழுத் தலைவர் பட்ரீசியா டன் பதவி விலக வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனங்கள் கண்டு பயந்த தளம் அது.

அந்தப் பெயருக்கு ஒரு விலையும் வந்தது. 2008-ல் சி.பி.எஸ். என்ற தொலைக்காட்சி நிறுவனம் சிநெட் குழுமத்தை 180 கோடி டாலருக்கு வாங்கியது.

முதல் கீறல் 2011-ல் விழுந்தது. டவுன்லோட் தளத்தில் ஒரு மென்பொருளை இறக்கினால், அதோடு கேட்காத ஒரு டூல்பாரும் ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. கவனிக்காமல் "அடுத்து, அடுத்து" என்று அழுத்தியவர்களின் உலாவியில் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் மாறிவிட்டன. என்மேப் என்ற இலவச மென்பொருளை எழுதியவர், தன் பெயரில் இப்படிச் செய்வதா என்று அந்த டிசம்பரில் பகிரங்கமாகக் கேட்டார். தளம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் பயனாளர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது: இந்தத் தளம் நமக்காக வேலை செய்கிறதா, நம்மை வைத்து வேலை செய்கிறதா?

இரண்டாவது கீறல் இன்னும் ஆழம். ஆண்டுதோறும் ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் சி.இ.எஸ். என்ற பெரிய மின்னணுப் பொருட்காட்சி நடக்கும். அதன் அதிகாரபூர்வ விருதுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சிநெட்டிடம் இருந்தது. 2013-ல் ஆசிரியர் குழு வாக்களித்து, டிஷ் நிறுவனத்தின் ஹாப்பர் என்ற தொலைக்காட்சிப் பெட்டகத்தைச் சிறந்த பொருளாகத் தேர்ந்தெடுத்தது. ஹாப்பருக்கு விளம்பரங்களைத் தாண்டிப் போகும் வசதி இருந்தது. விளம்பரத்தில் பிழைக்கும் சி.பி.எஸ். அதற்காக டிஷ் மீது ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தது. தன் வீட்டுப் பிள்ளையே எதிராளிக்குப் பரிசு கொடுப்பதா? விருதை எடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. மறுபடி வாக்கெடுப்பு நடத்தி வேறொரு பொருளுக்குக் கொடுத்தார்கள்.

இதில் எனக்குப் பெரிய தப்பாகப் படுவது, வாசகர்களிடம் அரை உண்மை சொன்னது. வழக்கு நடப்பதால் ஹாப்பர் பரிசீலனையிலிருந்து நீக்கப்பட்டது என்று மட்டும் எழுதினார்கள். அது ஏற்கெனவே ஜெயித்துவிட்டது என்பதை எழுதவில்லை. வேறொரு தளம்தான் அதை வெளியே கொண்டுவந்தது. கிரெக் சாண்டோவல் என்ற நிருபர், ஆசிரியர் குழுவின் சுதந்திரத்தில் நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லி அந்த நாளே வேலையை விட்டார். விமர்சனப் பிரிவின் ஆசிரியர் லிண்ட்சி டரன்டைன், உண்மையை முழுதாகச் சொல்ல முடியாமல் போனதற்கு வருந்தி எழுதினார். மாத முடிவில் பொருட்காட்சி அமைப்பாளர்கள் ஹாப்பரையும் சிறந்த பொருளாக அறிவித்து, சிநெட்டோடு இருந்த விருது ஏற்பாட்டையும் முறித்துக்கொண்டார்கள்.

பரீட்சைத் தாளில் பையன் வாங்கிய மார்க்கைத் தாளாளர் மாற்றச் சொன்னால் அந்தப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? அதே கதைதான்.

2020-ல் சி.பி.எஸ். இந்தக் குழுமத்தை ரெட் வென்ச்சர்ஸ் என்ற நிறுவனத்துக்கு 50 கோடி டாலருக்கு விற்றது. ரெட் வென்ச்சர்ஸ் வேறு வகை வியாபாரம். ஒருவர் "நல்ல கிரெடிட் கார்டு எது", "வட்டி எப்படிக் கணக்கிடுகிறார்கள்" என்று கூகுளில் தேடுகிறார் என்று வையுங்கள். தேடல் முடிவில் இவர்களுடைய கட்டுரை மேலே வரவேண்டும். அவர் அதைப் படித்து, அங்கேயே சுட்டியை அழுத்திக் கார்டு வாங்கினால் தளத்துக்குக் கமிஷன். இந்த வியாபாரத்தில் கட்டுரை தூண்டில், வாசகர் மீன். தூண்டில் எத்தனை அதிகமோ அத்தனை லாபம்.

எனவே 2022 நவம்பரில், யாருக்கும் பெரிதாக அறிவிக்காமல், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வங்கி, வட்டி, கடன் பற்றிய கட்டுரைகளை எழுத வைத்தார்கள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "சிநெட் மணி ஸ்டாஃப்" என்று இருந்தது. படிப்பவர் ஊழியர் யாரோ எழுதியதாகத்தான் நினைப்பார். அந்தப் பெயரை அழுத்திப் பார்த்தால்தான், இது தானியங்கித் தொழில்நுட்பத்தால் உருவானது, எங்கள் ஆசிரியர் சரிபார்த்தது என்ற குறிப்பு வரும். 2023 ஜனவரியில் இணைய வியாபாரத்தில் இருக்கும் ஒருவர் இதைக் கவனித்துச் சொல்ல, ஃப்யூச்சரிசம் என்ற தளம் பெரிய செய்தியாக்கியது. பிறகு ஒவ்வொரு கட்டுரையாகத் தோண்டத் தோண்டப் பிழைகள் வந்தன.

இங்கேதான் உங்கள் கணக்கு வாத்தியாருக்கு வேலை. கூட்டு வட்டி பற்றிய ஒரு கட்டுரையில், 10,000 டாலரை ஆண்டுக்கு 3 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டால் முதல் ஆண்டு முடிவில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்று இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சம்பாத்தியம் 300. கையில் இருக்கும் மொத்தத் தொகைதான் 10,300. இரண்டாம் ஆண்டு 10,300-க்கு 3 சதவீதம், அதாவது 309. மொத்தம் 10,609. அசலுக்கும் வட்டிக்கும் வித்தியாசம் தெரியாத கட்டுரை, வட்டியைப் பற்றிப் பாடம் எடுத்தது!

இன்னொரு பிழை இதைவிட ஆபத்து, ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் சரி போலவே தெரியும். 25,000 டாலர் கார் கடனை 4 சதவீத வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 1,000 டாலர் வட்டி என்று எழுதியிருந்தது. மாதத் தவணை கட்டக் கட்ட அசல் குறையும், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். ஐந்து ஆண்டுக் கடன் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். மாதத் தவணை சுமார் 460 டாலர். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து மொத்த வட்டி சுமார் 2,625 டாலர். அந்தக் கட்டுரையின் கணக்குப்படி போனால் 5,000. கிட்டத்தட்ட இரு மடங்கு! நம் ஊரில் ஃபைனான்ஸ்காரர்கள் "ஃபிளாட் ரேட்" என்று சொல்வதும், வங்கி சொல்லும் குறையும் அசல் வட்டியும் ஒன்றல்ல என்பதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். என் தம்பி மகன் அனுப்பிய கட்டுரையிலும் இதே குளறுபடிதான்.

கடைசியில் சிநெட் தன் கட்டுரைகளைத் தானே தணிக்கை செய்தது. இயந்திரம் எழுதியவை 77. அவற்றில் 41-க்குத் திருத்தம் போட வேண்டியதாயிற்று. பாதிக்கு மேல்! சிலவற்றில் பிறர் எழுதிய சொற்றொடர்களே இருந்தன. முதன்மை ஆசிரியர் கானி கூலியெல்மோ திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்.

இயந்திரம் தப்புச் செய்தது என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இயந்திரத்துக்கு மானம் இல்லை, அதைக் குறை சொல்லிப் பயனும் இல்லை. "எங்கள் ஆசிரியர் சரிபார்த்தது" என்று கீழே எழுதியது மனிதர்கள். 77 தாளில் 41 தாளைத் திருத்தாமலேயே டிக் அடித்து அனுப்பினால் அந்த வாத்தியாரைப் பள்ளிக்கூடம் சும்மா விடுமா? பையன் தப்பாகப் போடுவது இயல்பு. பார்க்காமல் கையெழுத்துப் போடுவதுதான் குற்றம்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 மே மாதம் ஆசிரியர் குழு ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. ஆகஸ்டில், கூகுள் தேடலில் மேலே வருவதற்காகப் பழைய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் நீக்குகிறார்கள் என்ற செய்தி வந்தது. பழையது என்பதற்காக நீக்கத் தேவையில்லை என்று கூகுளே சொன்னது. கணினி வரலாற்றின் ஒரு பகுதி வெறும் தேடல் கணக்குக்காகக் குப்பைக்குப் போனது. விக்கிப்பீடியா தொண்டர்கள் விவாதித்து, 2020 அக்டோபருக்கு முந்தைய சிநெட்டை நம்பலாம், பிந்தையதை அப்படியே நம்ப வேண்டாம் என்று பிரித்து எழுதிவைத்தார்கள். ஒரே பெயர், ஆண்டைப் பொறுத்து வேறு வேறு மதிப்பு!

2024-ல் சிஃப் டேவிஸ் நிறுவனம் சிநெட்டை வாங்கியது. விலை 10 கோடி டாலருக்குச் சற்று மேல் என்று செய்திகள் வந்தன. 180, 50, 10. இதை அப்படியே ஒப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் ஆவேன். இடையில் கேம்ஸ்பாட் போன்ற வேறு தளங்கள் தனியே விற்கப்பட்டன. இணைய விளம்பரச் சந்தையும் மாறிப்போனது. ஆனாலும் நம்பிக்கை போனதற்கு இந்தச் சரிவில் பங்கே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிழை என்று தெரிந்த பிறகு திருத்தக் குறிப்பு போட்டார்கள், எண்ணிக்கையை மறைக்காமல் சொன்னார்கள், இயந்திரத்தை எதற்குப் பயன்படுத்துவோம் என்று பின்னர் கொள்கையும் வெளியிட்டார்கள். எத்தனையோ தளங்கள் அதுகூடச் செய்வதில்லை. ஆனால் இவ்வளவும் நடந்தது வெளியில் இருந்தவர்கள் விடாமல் கேட்டதால்தான். ஹாப்பர் விஷயமும் அப்படி, டூல்பாரும் அப்படி, வட்டிக் கணக்கும் அப்படி. "இது சரியில்லையே" என்று யாரோ ஒருவர் எழுந்து சொன்னார்.

வகுப்பில் நான் கரும்பலகையில் தப்பாகப் போட்டால் கை தூக்கிச் சொன்ன பிள்ளைகள் உங்களில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. உண்மையில் அந்தக் கைகளை நம்பித்தான் தைரியமாகப் பாடம் நடத்தினேன். இன்று உங்களுக்கு முன்னால் இருக்கும் கரும்பலகை கையில் இருக்கும் போன். அதில் எழுதுபவர் யார் என்றுகூடத் தெரிவதில்லை. அதனால் கை தூக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பணம், மருந்து, சட்டம் மூன்றிலும், எழுதியவர் யார், அவருக்கு இதில் என்ன வருமானம், கணக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள். குடும்பக் குழுவுக்கு அனுப்புவதற்கு முன்னாலும் பாருங்கள்.

தம்பி மகன் நேற்று போன் செய்தான். வங்கியில் தவணை அட்டவணையை வாங்கி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று மாதாமாதம் தானே போட்டுப் பார்த்தானாம். முப்பத்தேழு வயதில் வீட்டுப்பாடம். சந்தோஷமாக இருந்தது.

இந்தப் பதிவிலும் கணக்கு எங்கேயாவது இடித்தால், தயங்காமல் கை தூக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்