நறுமணமும் உயிரிரக்கமும்

கோடை விடுமுறையில் ஊர் சென்று மீளும் நம் காலனிக் குடும்பங்களின் பெட்டிகளில், வடகத்திற்கும் அப்பளத்திற்கும் அருகே, துணியில் முடிந்த சில பொட்டலங்கள் தவறாமல் இருக்கும். சீயக்காய், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், பாசிப்பயறு கலந்து அரைத்த நலங்கு மாவு, கஸ்தூரி மஞ்சள் ஆகியவை அவை. இந்நகரின் கடைத்தெருவில் கிடைக்காத பொருள் இல்லை. ஆயினும் ஊர்ப்பொருளின் மீது நமக்குள்ள பற்று குறையவில்லை.

அண்மைக்காலமாக நம் வீட்டுப் பெண்மக்கள் வேறொரு வினாவை எழுப்புகின்றனர். முகப்பூச்சு வாங்கும்போது புட்டியைத் திருப்பி, துள்ளும் முயலின் படம் உளதா எனத் தேடுகின்றனர். விலங்குகளைத் துன்புறுத்திச் சோதியாத பொருள் என்பதற்கு அது குறி. பெரியோர்கள் சிரித்து, "நம் முன்னோர் பூசியவை எல்லாம் இயற்கைப் பொருள்கள், அவற்றுக்கு முயற்குறி எதற்கு?" என்கின்றனர். இவ்விடை கேட்பதற்கு இனிது. ஆனால் வரலாறு அதனை முழுமையாக ஒப்புகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையைத் திறந்து பார்ப்போம். மாதவி நீராடும் நீரில் பத்து வகைத் துவர்களும், ஐந்து விரைகளும், முப்பத்திரண்டு ஓமாலிகைகளும் ஊறியிருந்தன என்று இளங்கோவடிகள் பட்டியலிடுகின்றார். இவற்றுட் பெரும்பாலன செடிகொடிகள் தந்தவை. எவ்வுயிரும் அதனால் நோகவில்லை. நீராடி, அகிற்புகையில் உலர்த்திய அக்கூந்தலுக்கு அடுத்து ஊட்டப்பெற்றதோ மான்மதக் குழம்பு. அஃதாவது கஸ்தூரி. மூலிகையும் மான்மதமும் அடுத்தடுத்த அடிகளிலேயே நிற்கின்றன. இரண்டும் இயற்கைதான்!

கஸ்தூரி, இமயச் சாரலில் வாழும் ஒருவகை ஆண் மானின் வயிற்றடியில் உள்ள பையிற் சுரப்பது. ஒரு பையில் ஏறத்தாழ 25 கிராம் கிடைக்கும். ஒரு கிலோ வேண்டுமாயின் 40 ஆண் மான்கள் மடிதல் வேண்டும். கண்ணிவலைக்கு ஆணும் பெண்ணும் குட்டியும் ஒன்றே. ஆகவே உண்மையில் மடிந்தவை அதனினும் மிகுதி. புனுகின் கதையும் இத்தகையதே. சவ்வாது என்னும் சொல்லும் முற்காலத்தில் புனுகையே சுட்டிற்று. புனுகுபூனையை உடல் திரும்பவும் இடமில்லாக் கூண்டில் அடைத்து, சினமூட்டி, வாலடியிலுள்ள சுரப்பியைக் கரண்டியால் வழித்தெடுப்பர். சினம் மிகச் சுரப்பும் மிகும் என்பது அத்தொழிலின் கணக்கு. அரசர் மார்பிலும் ஆலயத் திருமேனிகளிலும் கமழ்ந்த மணம் இவ்வாறு வந்ததே. நாம் பழித்துரைக்க இதனை எழுதவில்லை. பெருமை பேசும்போது இதனையும் சேர்த்துப் பேசுதல் நேர்மை என்றே எழுதுகின்றோம்.

மானைக் காக்க முன்வந்தது எது? சட்டம் என்போம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கஸ்தூரி மானை வேட்டையாடுவதைத் தடுத்தது உண்மை. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்னரே, நாம் ஐயுறும் வேதியியல் அம்மானுக்கு ஓர் உதவி செய்திருந்தது. 1888இல் ஆல்பர்ட் பாவர் என்னும் செருமானியர் வெடிமருந்து ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது, கஸ்தூரி மணம் வீசும் ஒரு செயற்கைப் பொருளைத் தற்செயலாகக் கண்டார். 1926இல் லியோபோல்டு ருசிச்கா என்னும் அறிஞர் புனுகு, கஸ்தூரி ஆகியவற்றின் மணப்பொருள்களின் அணுவமைப்பைத் தெளிவாக்கினார். 1939இல் நோபல் பரிசும் பெற்றார். உலகின் வாசனைத் திரவியங்களில் இன்று கமழும் கஸ்தூரி மணம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே. செயற்கை என்று நாம் முகஞ்சுளிக்கும் பொருளால் எத்தனை மான்கள் பிழைத்தன என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

எனினும் அதே வேதியியல் வேறோர் எளிய உயிரைப் பிடித்துக் கூண்டிலிட்டது. 1930களில் அமெரிக்க நாட்டில் இமைமயிருக்கு இட்ட ஒரு சாயத்தால் பெண்கள் கண் கெட்டனர். அதன் பயனாக 1938இல் அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கு எழுந்தது. மக்களைக் காக்கவே அச்சட்டம் பிறந்தது. அதனை யார் குறைகூற இயலும்? ஆனால் பொருள் தீங்கற்றது எனக் காட்ட ஒரு வழி வேண்டியிருந்தது. 1944இல் ஜான் டிரெய்ஸ் என்பார் ஒரு முறையை வகுத்தார். வெள்ளை முயலைத் தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டியில் நிறுத்தி, அதன் கண்ணில் சோதனைப் பொருளை இட்டு, கண் சிவப்பதையும் புண்ணாவதையும் நாள்தோறும் குறித்து வருவர். ஷாம்பு முதலாகப் பல பொருள்கள் இவ்வழியே கடைக்கு வந்தன. 1980இல் நியூயார்க் நகரின் பள்ளியாசிரியர் ஹென்றி ஸ்பைரா, இம்முறையை எதிர்த்துச் செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு மக்களைத் திரட்டினார். அழகுக்காக ஒரு முயலின் கண் போகலாமா என்ற வினா அன்றுமுதல் வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

நம் நாட்டில் இவ்வினாவுக்கு வழி அமைத்தவர் மதுரையிற் பிறந்த ஒரு பெண்மணி என்பது நம் சங்கத்தார்க்கு மகிழ்ச்சி தரும். கலாக்ஷேத்திரத்தின் நிறுவனராக நாம் போற்றும் ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கத் தனியுறுப்பினர் மசோதா ஒன்றை அவையில் கொணர்ந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூற, அதனை ஏற்றுத் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் நிறைவேறிற்று. 1962இல் விலங்கு நல வாரியம் சென்னையில் அமைந்தது. அதன் முதல் தலைவரும் அவரே. நடனத்திற்காக மட்டும் அவரை நினைவுகூர்வது பாதி நினைவே என்பது நம் கருத்து.

அச்சட்டத்திற்கு அரை நூற்றாண்டு கழிந்தே அழகுப் பொருள்களின் முறை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2004, 2009, 2013 எனப் படிப்படியாக இச்சோதனையையும் விற்பனையையும் தடுத்தது. இந்திய அரசு 2014 மே திங்களில் அழகுப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதைத் தடைசெய்தது. அவ்வாறு சோதித்த பொருளை இறக்குமதி செய்வதும் அதே ஆண்டு நவம்பரில் தடையாயிற்று.

ஆனால் சோதனை வேறு, சேர்மானம் வேறு. முயலைத் துன்புறுத்தாத பொருளிலும் விலங்கின் பகுதி இருத்தல் கூடும். நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் சோப்பையே எடுத்துக்கொள்வோம். மேலைநாட்டுச் சோப்பின் முதன்மைச் சரக்கு மாட்டுக் கொழுப்பு. அதனால் நம் முன்னோர் பலர் அதனைத் தீண்டவும் அஞ்சினர். முதல் உலகப் போர் முடிவுற்ற காலத்தில் அர்தேஷிர் கோத்ரெஜ் தாவர எண்ணெயினாலேயே சோப்புக் காய்ச்சி விற்றார். அதே போரினால் சந்தன மரம் ஐரோப்பாவிற்குச் செல்லாது தேங்கியபோது, மைசூர் அரசு 1916இல் சந்தன எண்ணெய் ஆலையை நிறுவிற்று. மைசூர்ச் சந்தனச் சோப்பு 1918இல் வெளிவந்தது. உயிரிரக்கமும் சுதேசியமும் இங்கே ஒரே கட்டியில் கலந்தன. (சந்தன மரமே அருகிவருகின்றது என்பது வேறு துன்பம். பனையெண்ணெய்க்காகப் போர்னியோவின் காடுகள் அழிவதும் அவ்வாறே.) இன்றும் சேர்மானப் பட்டியலில் 'சோடியம் டாலோவேட்' என்றிருப்பின் அது விலங்குக் கொழுப்பு, 'சோடியம் பாமேட்' என்றிருப்பின் பனையெண்ணெய். 2014இல் பொட்டல விதிகளிற் சேர்ந்த பச்சை, சிவப்புப் புள்ளிகளையும் பல உறைகளிற் காணலாம்.

உதட்டுச் சாயத்தின் சிவப்பு இதனினும் வியப்பானது. 'கார்மைன்' என்னும் அச்சிவப்பு முழுக்க இயற்கையானது. சப்பாத்திக் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி அரைத்துப் பெறுவது. ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் இதற்கெனச் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் கப்பலில் வந்த பூச்சியோ தரத்தில் தாழ்ந்த இனம். சாயத் தொழில் வளரவில்லை, பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்ததுதான் மிச்சம். இன்று உறைகளில் இச்சாயம் 75470 என்ற எண்ணால் குறிக்கப்பெறுகின்றது. இயற்கை நிறம் என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் புட்டியின் பின்புறத்தில், சிறிய எழுத்தில், இவ்வெண் இருக்கக் காணலாம்.

இதனைக் கேட்ட நம் சங்கத்து அம்மையார் ஒருவர், ஊரிலிருந்து கொணர்ந்த கஸ்தூரி மஞ்சளையும் ஐயத்துடன் நோக்கினார். அவர் அஞ்ச வேண்டுவதில்லை. அதில் மானும் இல்லை, கஸ்தூரியும் இல்லை. மணத்தால் அப்பெயர் பெற்ற ஒரு கிழங்கே அது. கஸ்தூரி வெண்டையின் விதையும் அவ்வாறே மணப்பது. மான்மதத்தின் மணத்தை மண்ணிலிருந்தே பெறும் வழியை யாரோ ஒருவர் எப்போதோ கண்டு, அதற்கு மானின் மணப்பெயரையே இட்டுச் சென்றிருக்கின்றார்.